யாரையும் நம்பாதவரின் வலைத்தளம்

"எதைத்தான் நம்புறது டீச்சர்?" என்று கேட்டார் கஸ்பார்.

உலகம்மாள் ஒரு பழைய கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டுத் தூசு தட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல உக்காருங்க அண்ணாச்சி."

கஸ்பார் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாற்காலியில் இதற்கு முன் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிப்பவர்போல இருந்தது அவர் முகம்.

அவர் தூத்துக்குடியில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு நிருபராக இருந்தவர். பத்திரிகை நின்றுபோன பிறகு, இலவசமாகக் கிடைத்த ஒரு வலைப்பூவில் எழுதிவந்தார். கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவார். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், தெரு, போன படகு, எப்படிச் சிரிப்பார், எந்தக் குழம்புக்கு அடம்பிடிப்பார். சிலருடைய குரலும் இருந்தது. நிருபராக அலைந்த காலத்தில் அவரே பதிவு செய்து வைத்தவை.

ஒருநாள் காலையில் பார்த்தால் வலைப்பூவே இல்லை.

விதிமுறைகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒற்றை வரி. எந்த விதி, யார் புகார் கொடுத்தது என்று கேட்டு எழுதினார். பதில் இல்லை. போய் நின்று சத்தம் போட ஒரு அலுவலகம்கூட அந்தக் கம்பெனிக்கு இந்தப் பக்கம் கிடையாது.

யார் வேலை என்று கஸ்பாருக்குச் சந்தேகமே இல்லை. சிலுவை என்ற மீனவரின் பக்கத்தில் ஒரு குரல் பதிவு இருந்தது. புயல் எச்சரிக்கை வந்த பிறகும் விசைப்படகின் முதலாளி தங்களைக் கடலுக்குப் போகச் சொல்வதாக அதில் சிலுவை பேசியிருந்தார். அப்படிப் போன ஒரு பயணத்தில்தான் பின்னால் அவர் திரும்பவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிடும்படி முதலாளியின் ஆட்கள் ஒருமுறை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கஸ்பார் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்புவதை விட்டுவிட்டார். தபால்காரர் கொஞ்சம் நின்று பேசினாலும் ஏன் நிற்கிறார் என்று தோன்றியது.

உலகம்மாளுக்கு அவர் வயதில் பாதி. வார நாட்களில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிகளைப் பராமரிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் டயர் கடைக்கு மேலே இருந்த அறையில், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி யார் வந்து கேட்டாலும் சொல்லிக்கொடுப்பாள். வருகிறவர்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீங்களே வச்சு நடத்துற மாதிரி மென்பொருள் நிறைய இருக்கு அண்ணாச்சி. யாரும் எடுத்துக்கிடலாம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு பிரிச்சும் பாக்கலாம்."

"சும்மாவா தாராங்க?"

"சும்மாத்தான்."

"ஏன்?"

உலகம்மாள் கீபோர்டை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தச் சந்தேகத்தை அப்படியே கையில வச்சுக்கிடுங்க. தேடிப் பாத்துட்டு அடுத்த வாரம் வாங்க."


கஸ்பார் அடுத்த வாரம் வந்தார்.

"ஒண்ணு பாத்தேன். பெரிய பெரிய ஆளெல்லாம் இதைத்தான் வச்சிருக்காங்க."

"அப்ப அதையே போட்டிரலாமா?"

"வேண்டாம். எது வேணும்னாலும் அதுக்குத் தனியா துணை நிரல்னு ஒரு குட்டி மென்பொருளை மாட்டணும். ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தன் எழுதினது. என் வீட்டுக்கு ஒரு வாசல் போதும் டீச்சர். இதுல சுவரைவிட வாசல்தான் அதிகமா இருக்கு."

உலகம்மாள் தலையாட்டினாள்.

அதற்கு அடுத்த வாரம் இன்னொன்றோடு வந்தார்.

"இது அழகா இருக்கு. எழுதவும் சுகமா இருக்கு. ஆனா ஒத்த ஆள் எழுதினது. எங்கேயோ பனி கொட்டுற ஊர்ல உக்காந்து பண்ணுதான். நாளைக்கே அவன் செத்துப்போயிட்டா?"

"நீங்க செத்துப்போயிட்டா அண்ணாச்சி?"

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. படியிறங்கிப் போய்விட்டார். பாலம் தாண்டுகிற வரைக்கும் அந்தக் கேள்வியை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே போனார்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு வந்தார்.

"மூணாவதா ஒண்ணு. இதுல ஒண்ணுமே இல்ல டீச்சர். நாம எழுதுறதைச் சாதாரணக் கோப்பா ஒரு அடைவுல, அதான் ஃபோல்டர்ல, வச்சுக்கிடுது. அதை வலைப்பக்கமா மாத்திக் குடுக்குது. அவ்வளவுதான்."

"அதுல என்ன சந்தேகம்?"

"ஒண்ணுமே இல்லேங்கறதுதான் சந்தேகம்."

உலகம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"மூணையும் ஏத்துங்க."

"எதுல?"

"உங்க வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல. மூணுலயும் ஒரே ஆளைப் பத்தி எழுதுங்க. படமும் குரலும் சேத்துப் போடுங்க. பிறகு வாங்க."


முதல் மென்பொருளை ஏற்றுவதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தார்கள். அந்த வரியை நகல் எடுத்து ஒட்டி, எண்டரைத் தட்டினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தது.

கஸ்பார் தட்டவில்லை.

மிச்சத்தை அது எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த வரி எந்தக் கோப்பைக் கொண்டுவருகிறதோ அதைத் தனியாக இறக்கித் திறந்தார். பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறவர் மாதிரி விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். புரியாத சொல்லுக்கெல்லாம் பொருள் தேடினார். அந்த வாரம் முழுக்க அதிலேயே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"பிடிச்சிட்டேன் டீச்சர்! கள்ளத்தனம் பண்ணுது!"

"என்னது?"

"நாம ஏத்தி முடிச்ச உடனே அந்தக் கம்பெனிக்கு ஒரு சேதி அனுப்புது. இன்ன இடத்துல ஏத்தியாச்சுன்னு. நம்மகிட்ட சொல்லாமலே!"

"சொல்லலேன்னா உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இதோ, இங்க எழுதியிருக்கே. இந்த வரியில."

"அப்ப சொல்லியிருக்காங்க."

கஸ்பார் அந்த வரியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படிக்கிறவங்களுக்குச் சொல்லியிருக்காங்க," என்றாள் உலகம்மாள். "பிடிக்கலேன்னா அந்த வரியை அடிச்சிருங்க."

"அடிக்கலாமா?"

"உங்களுதுதான?"

அவருடையது என்று ஒன்றைச் சுட்டிக்காட்டி அவரிடம் யாரும் பேசி நாளாகியிருந்தது. கஸ்பார் அந்த வரியை அடித்தார். அடித்துவிட்டு, போலீஸ் யாராவது வருகிறார்களா என்பதுபோல வாசலைப் பார்த்தார்.


மூன்றையும் ஏற்றினார். மூன்றிலும் சிலுவையைப் பற்றி எழுதினார். மூன்றும் நன்றாகவே இருந்தன.

"முடிஞ்சுது டீச்சர். இப்ப எதை வச்சுக்கிட?"

"இப்ப மூணுல இருந்தும் சிலுவையை வெளிய கூட்டிட்டு வாங்க."

"வெளியேன்னா?"

"நாளைக்கே இது பிடிக்கல, வேற இடத்துக்குப் போகணும்னு வையுங்க. அவரைக் கூட்டிக்கிட்டுத்தான போவிய? கூட்டிட்டு வந்து காட்டுங்க."

முதலாவதில் ஏற்றுமதி என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால், சிக்கு விழுந்த நைலான் வலைமாதிரி ஒரு பெரிய கோப்பு வந்தது. சிலுவை அதற்குள் எங்கேயோ இருந்தார். அவருடைய படத்தைக் காணவில்லை.

இரண்டாவதிலிருந்து சொற்கள் வந்தன. ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது.

மூன்றாவதில் பொத்தானே இல்லை. கஸ்பார் கொஞ்ச நேரம் தேடினார். அப்புறம் அந்த அடைவை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, உலகம்மாளின் கணினியில் போட்டுத் திறந்தார். எழுத்து இருந்தது. படம் இருந்தது. சிலுவை பேசினார்.

"இதுதான்," என்றார் கஸ்பார்.

"ஏன்?"

"மத்த ரெண்டும் உள்ள வாங்க வாங்கன்னு கூப்பிட்ட அளவுக்கு வெளிய போக விடல டீச்சர்."

உலகம்மாள் பிளாஸ்கிலிருந்து அவருக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஊற்றிக்கொண்டாள்.

கஸ்பார் அவள் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு குடித்தார்.


கணினியை வீட்டு அலமாரிக்கு மேலே வைத்தார். வெளியே வாடகைக்குக் கிடைக்கிற சர்வர் எதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. தன் வீட்டில், தன் கண் முன்னால், தன் மின்விசிறிக்குக் கீழே ஓடட்டும் என்றார். கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரியையும் பக்கத்தில் வைத்தார். வெளியுலகத்தோடு இணைத்துக் கொடுக்க உலகம்மாளே வந்தாள்.

பாஸ்வேர்டு போடவேண்டிய நேரம் வந்தது. அவள் சொல்லாமலே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.

சுவரில் கண்ணாடி போட்ட மாதா படம் ஒன்று மாட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியில் கீபோர்டு தெரிகிறதா என்று கஸ்பார் ஒருதரம் குனிந்து பார்த்தார். தெரியவில்லை. இருந்தாலும் அவள் போன பிறகு பாஸ்வேர்டை மாற்றினார்.

அடுத்த ஞாயிறு அவள் கேட்டாள்.

"மாத்திட்டியளா?"

"எதை?"

"பாஸ்வேர்டை."

கஸ்பாரின் காது சூடாகிவிட்டது.

"மாத்தாம இருந்திருந்தா உங்களைத் திட்டியிருப்பேன்," என்றாள் உலகம்மாள்.

தளம் எழுந்து நின்றது. கஸ்பார் அதற்கு ஒரு கதவையும் விட்டுவைக்கவில்லை. படிக்கிறவர்கள் கருத்து எழுதுகிற பெட்டியை எடுத்தார். அது வழியாக எவனாவது நுழைவான். தொடர்புக்கு என்றிருந்த பக்கத்தையும் எடுத்தார். அது வழியாக எவனாவது மிரட்டுவான். பிறகு தன் பழைய குறிப்பேடுகளிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பக் கொண்டுவந்தார். கடலில் போனவர்கள் எல்லாரும் பழையபடி வரிசையாக வந்து நின்றார்கள். கடைசியாகச் சிலுவையை வைத்தார். குரலோடு.


தளத்துக்கு யார் வந்தாலும் கணினி ஒரு வரி எழுதி வைத்தது. எந்த இணைய எண்ணிலிருந்து வந்தார், எந்தப் பக்கத்தைக் கேட்டார், குரல் பதிவானால் அதில் எந்தத் துண்டை எடுத்தார், எப்போது. பெயர் இருக்காது. எண் மட்டும்தான்.

கஸ்பார் அந்த வரிகளைக் காலையில் எழுந்ததும் படிக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாளே உலகம்மாளுக்குப் போன் போட்டார்.

"டீச்சர், எங்கெங்கேயோ இருந்து வந்து கதவைத் தட்டுதாங்க. இல்லாத பக்கத்தையெல்லாம் கேக்காங்க. உள்ள நுழையுற பக்கம் எங்க, பாஸ்வேர்டு கோப்பு எங்கன்னு!"

"அது ஆளில்ல அண்ணாச்சி. மெஷின். ஊர் முழுக்க எல்லா வீட்டுக் கதவையும் தள்ளிப் பாத்துட்டுப் போயிக்கிட்டே இருக்கும். அது கேக்குற கதவு உங்க வீட்டுல கிடையாதே?"

"கிடையாது."

"அப்ப தட்டிட்டுப் போகட்டும்."

அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் மட்டும் மெஷின் மாதிரி இல்லை.

அவர் முகப்புப் பக்கம் வருவதில்லை. மற்ற யாருடைய பக்கத்துக்கும் போவதில்லை. நேரே சிலுவையிடம் வருவார். குரலைத் திறப்பார். அதிலும் முழுசாகக் கேட்பதில்லை. கடைசித் துண்டை மட்டும் எடுப்பார். திரும்ப அதையே எடுப்பார். காலையில் வருவார், மத்தியானம் வருவார், எண் கொஞ்சம் மாறியிருக்கும். ஆனால் எடுப்பது அதே துண்டு.

அந்தப் பேச்சின் முடிவில்தான் சிலுவை படகின் பெயரையும் முதலாளியின் பெயரையும் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

"யாருன்னு நினைக்கிய?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"படகுக்காரர் ஆளுங்கதான். கேஸ் போடுறதுக்கு எழுதி எடுக்காங்க. இல்லேன்னா மறுபடியும் புகார் குடுக்கப் போறாங்க."

"வேற யாரா இருக்கும்?"

"வேற யாருக்கு டீச்சர் அந்தக் கடைசித் துண்டு மட்டும் வேணும்?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கஸ்பாருக்கு அப்படிப் படவில்லை. ஏன் இவள் பதற மாட்டேன் என்கிறாள்? யாருக்காகப் பேசுகிறாள்?

அந்த வாரத்திலேயே மீன்பிடித் துறைமுகத்தில் பழைய நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், உலகம்மாள் வேலை பார்க்கிற மருத்துவமனையின் அறங்காவலர்களில் ஒருவர் அந்தப் படகு முதலாளிக்குச் சம்பந்தி என்று.

கஸ்பார் வீட்டுக்கு நடந்தே வந்தார். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டது காதில் விழவில்லை.

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாளே, ஏன்? சும்மா சொல்லிக்கொடுக்கிறாளே, ஏன்? வீட்டுக்குள் வந்து வயரை இணைத்தது அவள் கைதானே?

பாஸ்வேர்டை மறுபடி மாற்றினார். உலகம்மாளின் கணினிக்குத் தளத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்று எல்லாக் கோப்புகளையும் திறந்து தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவரை இன்னும் பயமுறுத்தியது.

அப்புறம் தினமும் வந்த அந்த ஆளுக்கு வழியை அடைத்தார். ஒரு எண்ணை அடைத்தால் வேறு எண்ணில் வந்தான். அதையும் அடைத்தார். கடைசியில், அப்படித் தொடங்குகிற எண்கள் அத்தனையையும் மொத்தமாகச் சேர்த்து அடைத்தார்.

மறுநாள் சிலுவையின் பக்கத்துக்கு யாரும் வந்ததாக ஒரு வரியும் இல்லை.

அதற்கடுத்த நாளும் இல்லை.

கஸ்பார் அன்றைக்கு மத்தியானம் நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை டயர் கடை மாடிக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. உலகம்மாள் போன் செய்து கூப்பிடவில்லை. அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்.


ஒருநாள் சாயங்காலம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இறால் உரிக்கிற கம்பெனியின் நீலச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டிருந்தாள். கை விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

கஸ்பாருக்கு அடையாளம் தெரிந்தது. ஜெனோவா. சிலுவையின் மனைவி.

"உள்ள வாம்மா."

அவள் வரவில்லை.

"எடுத்துட்டியளா அண்ணே?"

"எதை?"

"அவியளத்தான்."

கஸ்பாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சிலுவை பக்கத்தையா? இல்லையே. இருக்கே!"

"என் போன்ல வரல. தங்கச்சி போன்ல பாத்தேன், வரல. கம்பெனியில கூட வேலை பாக்குறவ போன்லயும் பாத்தேன். யாருக்கும் வரல." அவள் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க பக்கம் போயிட்டியளா அண்ணே?"

"யாரு பக்கம்?"

"படகுக்காரர் பக்கம்."

இத்தனை நாளில் எல்லாரையும் பார்த்து அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அவரைப் பார்த்து யாரும் கேட்டதில்லை.

"நீயாம்மா தினமும் வந்தது?"

"எங்க வந்தேன்? நான் கம்பெனிக்குல்லா போறேன்."

"இல்ல. அந்தக் குரலை... கடைசித் துண்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது நீயா?"

அவள் தலைகுனிந்துகொண்டாள். ஏதோ செய்யக்கூடாததைச் செய்து பிடிபட்டவள்போல இருந்தது.

"மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதைதான அண்ணே. புயலு, படகு, அந்த ஆளு பேச்சு. அதைக் கேட்டா வயிறு எரியும். வேலை ஓடாது. அதைத் தள்ளி விட்டுட்டு, கடைசியில போயிருவேன். அங்கதான கூப்பிடுவாவ?"

"யாரைக் கூப்பிடுவாரு?"

ஜெனோவா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இந்த மனிதருக்கு இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

கஸ்பார் உள்ளே போய்க் கணினியைத் திறந்தார். பதிவை ஓடவிட்டார். முதலாளியின் பெயரைச் சிலுவை சொல்லி முடித்தார். அதோடு பேச்சு தீர்ந்தது என்றுதான் கஸ்பார் இத்தனை நாள் நினைத்திருந்தார். தீரவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போதும் சிலுவை என்று கஸ்பாரின் குரலே கேட்டது. பிறகு சிலுவையின் குரல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சற்றுத் தூரத்திலிருந்து:

"ஏ ஜெனோ, அண்ணாச்சிக்கு டீ போட்டியா?"

அதோடு நின்றது.

"போட்டுட்டேன்," என்றாள் ஜெனோவா, வாசலில் நின்றபடி. மெதுவாகத்தான் சொன்னாள். கஸ்பாரிடம் சொல்லவில்லை.

கஸ்பார் திரும்பிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரே போன் கம்பெனியின் இணைப்பு வைத்திருந்த எல்லாரையும் சேர்த்தே வெளியே நிறுத்தியிருந்த அந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தார்.

"இப்பப் பாரு."

அவள் தன் போனில் பார்த்தாள். வந்தது. சிலுவை மறுபடி ஒருதரம் டீ கேட்டார்.

அவள் போகவில்லை.

"என்னம்மா?"

"இன்னொரு நாள் நிக்காதுன்னு என்ன நிச்சயம்?"

"நான் இருக்கேன்லா?"

"நீங்க இருந்துதான நின்னுச்சு?"

தெருவில் ஐஸ் ஏற்றிய வண்டி ஒன்று போனது. கஸ்பார் கையை நீட்டினார்.

"அந்தப் போனைக் குடு," என்றார் கஸ்பார்.

அவள் கொடுக்கத் தயங்கினாள். கொடுத்தாலும், பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள். அவர் கை என்ன செய்கிறது என்று கண் எடுக்காமல் பார்த்தாள். கஸ்பார் அந்த அடைவை அப்படியே அவள் போனுக்குள் நகல் எடுத்தார். இணைப்பை அணைத்துவிட்டு, அதிலிருந்தே திறந்து காட்டினார்.

"அவியளையா ஏத்துனிய?"

"எல்லாரையும் ஏத்தியிருக்கேன்."

ஜெனோவா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கூட வேலை பார்க்கிற பெண்ணின் அண்ணன் வந்தார். தெருமுனை வீட்டுக்காரர் வந்தார். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.


அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்துத்தான் கஸ்பார் டயர் கடை மாடிக்கு ஏறினார்.

இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று உலகம்மாள் கேட்கவில்லை. ஒரு கணினியின் மின்விசிறியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"உங்களையும் சந்தேகப்பட்டேன் டீச்சர்."

"தெரியும்."

"உங்க ஆஸ்பத்திரி அறங்காவலர்..."

"சம்பந்தி. ஊருக்கே தெரியுமே அண்ணாச்சி. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்." மின்விசிறியை ஊதினாள். "உங்க தளத்துல என் பேர் எங்கயாவது இருக்கான்னு தேடினியளா?"

"எல்லாக் கோப்பையும் திறந்து பாத்தேன்."

"ஒண்ணையும் விடாமலா?"

"ஒண்ணையும் விடல."

"நல்லது. அதுக்குத்தான அதைத் திறந்து வச்சிருக்காங்க."

கஸ்பார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெனோவா வந்ததைச் சொன்னார். அடைத்த எண்களைப் பற்றிச் சொன்னார். உலகம்மாள் மின்விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிலுவை டீ கேட்ட இடம் வந்தபோது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப வேற ஒண்ணு நடந்திருக்கு டீச்சர். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"என்ன?"

"இன்னைக்குக் காலையில கோயில் வாசல்ல ஜெனோவாவைப் பாத்தேன். நான் ஏத்திக் குடுத்ததை அந்த இறால் கம்பெனியில இருக்கிற பொம்பளைங்க எல்லார் போனுக்கும் அனுப்பிட்டாளாம். அதுல ஒருத்தி வீட்டுல கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை ஒண்ணு இருக்காம். அவ அதே மென்பொருளை எடுத்து, எல்லாரையும் அதுல ஏத்தி, வேற ஒரு தளமாவே போட்டுட்டாளாம். நான் அழிச்சாலும் நிக்காத மாதிரி. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"நீங்க கேட்டியளா, ஏன்னு?"

"கேட்டேன். உங்களை நம்ப முடியலண்ணேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுதா." "நான் எழுதினது டீச்சர். ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி நான் எழுதினது. என்னையே நம்ப மாட்டேங்கா."

உலகம்மாள் பிளாஸ்கைத் திறந்தாள்.

"இனி நீங்க இல்லாட்டாலும் அவங்க நிப்பாங்க. இப்பத்தான் அண்ணாச்சி," என்றாள், "இன்ஸ்டால் முடிஞ்சிருக்கு."